சிவசங்கரி திரும்பி வந்த வழி

ஸ்குவாஷ் முடிவை வானொலியில் சொல்ல எனக்குப் பத்து வினாடி போதும். யார், யாரை, எத்தனை செட்டில் வென்றார் என்று சொன்னால் வேலை முடிந்தது. நம் சிவசங்கரியின் கதை மட்டும் அந்தப் பத்து வினாடிக்குள் அடங்குவதில்லை.

கெடா மாநிலத்துப் பெண். 1999-இல் பிறந்தவர். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், 19 வயதில், பினாங்கின் நிக்கோல் டேவிட்டை எதிர்த்து நின்றார். எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோலிடமிருந்து முதல் இரண்டு செட்டையும் பறித்தார். அடுத்த மூன்றையும் எடுத்துத் தங்கத்தை வென்றது நிக்கோல்தான். மறு ஆண்டு அவர் ஓய்வு பெற்றதும், இனி இந்தப் பெண்தான் என்று பலரும் நம்பினோம்.

2022 ஜூனில் கார் விபத்து. முகத்திலும் கழுத்திலும் பலத்த காயம். சில வாரங்களில் தொடங்கவிருந்த பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி கைநழுவியது. ஸ்குவாஷில் பந்து பின்சுவரிலும் பட்டுத் திரும்பும். ஆட்டக்காரர் ஓடிக்கொண்டே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்துக்குக் கழுத்துக் காயத்தோடு திரும்புவது எத்தனை பெரிய காரியம்!

திரும்பினார். 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம். 2024-இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் இறுதியில் எகிப்தின் ஹனியா எல் ஹம்மாமியை ஐந்து செட்டில் வென்று பட்டம். பிறகு உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் இடம்.

மஸ்ஜித் தானாவில் இருக்கும் என் அத்தைக்கு ஸ்குவாஷ் விதி ஒன்றும் தெரியாது. லண்டன் செய்தியை வாசித்த அன்று மாலை போன் செய்தார். "ஏம்மா, காடி மோதி ஆஸ்பத்திரியில கெடந்துச்சே, அந்தப் புள்ளையா? யாரு அதைத் திரும்ப ஆட வச்சது?" என்று கேட்டார். ஊடகப் படிப்பு படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. "மன உறுதி" என்ற சொல்லோடு செய்தியை முடித்திருந்தேன்.

அத்தைக்கு அது ஏன் தோன்றியது என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் என்னோடு படித்த ஒரு பெண் 200 மீட்டர் ஓட்டத்தில் பையன்களுக்கே சவால் விடுவாள். படிவம் இரண்டில் கணுக்கால் பிசகியது. தைலம் தேய்த்தார்கள், கட்டுப் போட்டார்கள். வலி போனது, கால் பழைய கால் ஆகவில்லை. "போதும், இனி படிப்பைப் பாரு" என்றார்கள். அவள் ஓட்டக் காலணி தம்பிக்குப் போனது. அவளுக்கு மன உறுதி குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

தேசிய வீராங்கனை விழுந்தால் மருத்துவர் உண்டு, உடலியக்கச் சிகிச்சையாளர் உண்டு, காத்திருக்கும் பயிற்றுநர் உண்டு. சிவசங்கரியின் உழைப்பை இது குறைக்காது. அந்த உழைப்பு வீணாகாமல் தாங்கிப் பிடித்த கைகளும் இருந்தன என்பதைத்தான் சொல்கிறேன். தோட்டத்துப் பிள்ளை விழுந்தால் இருப்பது வீடு மட்டும்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஸ்குவாஷ் இடம்பெறுகிறது. ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதல் நிலையில் இருந்த நிக்கோலுக்கே கிடைக்காத மேடை அது. சிவசங்கரி அங்கே ஆடினால் நாம் எல்லோரும் கைதட்டுவோம்.

அதற்கு முன், உங்கள் மகள் பள்ளித் திடலிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தால், தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட்டில் மருத்துவரைப் பார்க்கலாம். உடலியக்கச் சிகிச்சைக்கு மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். காலணியைக் கொஞ்ச நாள் அவளுக்காகவே எடுத்து வையுங்கள்.