அறியாதிருத்தல் குற்றமா?
‘புறோட்சேர்ச்’ தொடரின் பாத்திரங்கள் பற்றி

துப்பறியும் கதையை விரும்பும் எவரும் வெறுங்கையுடன் அதனுள் நுழைவதில்லை. பிணம் கண்டெடுக்கப்பட்ட கணத்திலேயே அவரது உள்ளத்தில் ஒரு பட்டியல் உருவாகத் தொடங்கிவிடுகின்றது. அன்றிரவு எவர் எங்கே இருந்தார், எவர் எதனை மறைக்கின்றார், எவருடைய பார்வை ஒரு கணம் தடுமாறியது என்பனவெல்லாம் அப்பட்டியலில் இடம்பெறும். அந்நிலையில் கதைமாந்தர் மாந்தராகத் தோன்றுவதில்லை. விடுவிக்கப்பட வேண்டிய புதிரொன்றின் உறுப்புகளாகவே தோன்றுகின்றனர். மர்மக் கதைகளில் பாத்திரப் படைப்பு மெலிந்து காணப்படுகின்றது எனத் திறனாய்வாளர் கூறும் குறைக்கு எழுத்தாளரின் ஆற்றலின்மை மட்டும் காரணமன்று. சுவைப்போரின் இப்பழக்கத்துக்கும் அதிற் பங்குண்டு.

இப்பழக்கத்தை வளர்த்துவிட்டு, இறுதியில் அதனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தொலைக்காட்சி நாடகமாக ‘புறோட்சேர்ச்’ அமைகின்றது. கிறிஸ் சிப்னல் எழுதிய இத்தொடரின் முதற் பாகம் பிரித்தானியாவின் ஐ.ரி.வி. அலைவரிசையில் 2013ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் எட்டு அங்கங்களாக ஒளிபரப்பாயிற்று. கதை நிகழும் ஊர் கற்பனையூர். எனினும் அதன் செங்குத்துப் பாறையும் கடற்கரையும் டோர்செற் மாவட்டத்தின் வெஸ்ற் பே பகுதியிற் படமாக்கப்பட்டவை. பதினொரு வயதுச் சிறுவன் டனி லற்றிமரின் உடல் அப்பாறையின் அடியிற் கிடக்கின்றது. தவறி விழுந்து இறந்தான் எனத் தோன்றுமாறு உடல் கிடத்தப்பட்டிருப்பினும், அவன் கழுத்து நெரிக்கப்பட்டே மாண்டான் என்பது விரைவில் வெளிப்படுகின்றது. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் சிற்றூரில், கொன்றவனும் அப்பெயர்களுள் ஒன்றையே உடையவனாக இருத்தல் வேண்டும்.

இவ்வூருக்குப் புதியவராக வருபவர் பொலிஸ் பரிசோதகர் அலெக் ஹார்டி. தனக்குக் கிடைக்குமென நம்பியிருந்த பதவியை அவர் பெற்றுவிட்டார் என்பதை விடுமுறை முடிந்து திரும்பிய நாளிலேயே அறிந்து மனங்குமுறுபவர் சார்ஜன்ட் எல்லி மில்லர். டேவிட் ரெனன்றும் ஒலிவியா கோல்மனும் இப்பாத்திரங்களை ஏற்றுள்ளனர். இரசிகன் முதலில் ஹார்டியின் பக்கமே சாய்கின்றான். அது வியப்பன்று. முகச்சவரம் செய்யாத தோற்றம், எவருடனும் ஒட்டாத சிடுசிடுப்பு, மறைத்துவைத்திருக்கும் இருதய நோய், முன்னைய வழக்கொன்றிற் பெற்ற தோல்வியின் வடு ஆகிய யாவும் துப்பறிவாளனுக்குரிய பழைய இலட்சணங்களே. சாண்ட்புறூக் எனும் ஊரில் நிகழ்ந்த அவ்வழக்கின் முக்கிய சான்று அவருடைய மனைவியின் வாகனத்திலிருந்து களவு போயிற்று. மனைவியும் பொலிஸ் உத்தியோகத்தரே. அவரது தகாத உறவு மகளுக்குத் தெரியவரக்கூடாது என்பதற்காகப் பழியை ஹார்டி தானே சுமந்தார். எவரையும் நம்பாதே என்று எல்லிக்கு அவர் கூறும் அறிவுரை சொந்தக் காயத்திலிருந்து பிறந்தது.

எல்லியோ இதற்கு நேர்மாறானவர். இறந்த சிறுவனின் தாய் பெத் அவருடைய தோழி. அச்சிறுவன் அவருடைய மகன் ரொம்மின் உற்ற நண்பன். விசாரணைக்கு அழைக்கப்படுவோர் யாவரும் அவருக்குத் தெரிந்தவர்கள். அவர்களை ஐயுறுமாறு ஹார்டி வற்புறுத்துந்தோறும், இவர்களை நான் அறிவேன் என்பதே அவரது மறுமொழியாக இருக்கின்றது. முதன்முறை பார்க்கும் இரசிகனுக்கு எல்லியின் இந்நம்பிக்கை எரிச்சலூட்டும். துப்பறிவதற்கு ஏற்ற மனம் இவருக்கில்லையே என அவன் எண்ணுவான். அவன் கையிற்றான் பட்டியல் இருக்கின்றதே! விரிவுரைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அதனை எழுதிவைத்து, ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும் பெயர்களை மேலும் கீழுமாக மாற்றி மகிழ்பவன் அவன்.

அப்பட்டியலின் தலைப்பில் முதலில் நின்றவர் டனியின் தந்தை மார்க். குழாய்த் தொழில் செய்யும் இம்மனிதர், மகன் இறந்த இரவில் தான் எங்கிருந்தார் என்பதைப் பற்றிப் பொய் சொல்கின்றார். மகனைக் கொன்றதை மறைப்பதற்காக அவர் அப்பொய்யைச் சொல்லவில்லை. விடுதி நடத்தும் பெண்ணொருத்தியுடனான கள்ள உறவை மறைப்பதற்காகச் சொன்னார். மார்க் பட்டியலிலிருந்து நீங்குகின்றார். ஆயினும் பெத்தின் வாழ்விலிருந்து அவ்வுண்மை நீங்குவதில்லை. விசாரணையின் வெளிச்சம் குற்றவாளியை மட்டும் தேடிச் செல்வதில்லை என்பதையும், அது படுமிடமெல்லாம் எதையேனும் சுட்டுப் பொசுக்கிச் செல்கின்றது என்பதையும் தொடர் இங்கு முதன்முறையாக உணர்த்துகின்றது.

அடுத்து ஜாக் மார்ஷலின் முறை வருகின்றது. பத்திரிகைக் கடை நடத்தும் முதியவர். கடற்படைப் பயிற்சியையொத்த சிறுவர் அணியொன்றைப் பொறுப்பாக நின்று நடத்துபவர். டனி அவருடைய கடைப் பத்திரிகைகளை வீடு வீடாக விநியோகித்தவன். பல ஆண்டுகளுக்கு முன், வயது வராத மாணவியொருத்தியுடன் கொண்ட உறவுக்காக அவர் சிறை சென்றவர் என்பது தெரியவருகின்றது. பின்னர் அவளையே மணந்தார் என்பதும், ஒரே மகனை விபத்திற் பறிகொடுத்தார் என்பதும் எவர் செவியிலும் ஏறவில்லை. பத்திரிகைகள் அவரது பழங்கதையை முன்பக்கத்துக்குக் கொண்டுவருகின்றன. ஊரார் அவரது கடை வாசலிற் கூடுகின்றனர். ஈற்றில் அவரது உடலும் அதே கடலோரத்திற் கிடக்கின்றது.

நாடகாசிரியர் ஜாக்கை மாசற்றவராகக் காட்ட முயலவில்லை என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. அவர் முன்னர் செய்தது சட்டப்படி குற்றமே. ஆனால் அக்குற்றம் இக்கொலையன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கும் பொறுமை ஊராருக்கு இருக்கவில்லை, இரசிகனுக்கும் இருக்கவில்லை. ஜாக் இறந்த இரவில் அவனது குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் முதலாவதாக இருந்த பெயர் ஜாக்கினுடையதுதான். திருச்சபையின் குருவானவர் போல் கோற்ஸ், ஊரார் நல்ல அயலவராக நடந்துகொள்ளத் தவறினர் என்று இறுதிச் சடங்கிற் கூறும்போது, அச்சொல் திரைக்கு வெளியே அமர்ந்திருப்பவனையும் வந்தடைகின்றது. கடை வாசலிற் கூடிய கூட்டத்துக்கும் பட்டியல் எழுதியவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு, முன்னவர் வீதிக்கு வந்தார்கள், பின்னவன் நாற்காலியை விட்டு எழவில்லை என்பது மட்டுமே. ஜாக்காக நடித்த டேவிட் பிராட்லி 2014ஆம் ஆண்டில் துணை நடிகருக்கான பாஃப்டா விருதைப் பெற்றார். அவ்வாண்டின் சிறந்த நாடகத் தொடருக்கான விருதும், சிறந்த நடிகைக்கான விருதும் முறையே இத்தொடருக்கும் ஒலிவியா கோல்மனுக்கும் கிடைத்தன.

இத்தொடரின் அச்சாணியாக அமையும் காட்சி, பலரும் எதிர்பாராத ஒரு பாத்திரத்திடமிருந்து பிறக்கின்றது. நாயொன்றுடன் தனித்து வாழும் சூசன் றைற் எனும் கடுகடுத்த பெண்மணி அவர். அவருடைய கணவன் தம் பெண்மக்களுக்கே கொடுமை இழைத்து, ஒருத்தியைக் கொன்றவன். அது தன் வீட்டுக்குள்ளேயே நடந்தும் தனக்குத் தெரியாது என்கின்றார் சூசன். எல்லியால் இதனை ஏற்க இயலவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவளுக்கு எவ்வாறு தெரியாமற் போகும் என்று அவர் கேட்கின்றார். அக்கேள்வியில் வினாவைவிடத் தீர்ப்பே மிகுதி. ஊரிலுள்ள யாவரையும் நம்பிய எல்லி இப்பெண்ணை மட்டும் நம்ப மறுக்கின்றார். இரசிகனும் அவ்விடத்தில் எல்லியுடன் தலையசைத்தவனே.

எட்டாவது அங்கத்தில் அவ்வினா திரும்பி வருகின்றது. கொலையாளி ஜோ மில்லர், எல்லியின் கணவன். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து கைக்குழந்தையைப் பராமரிப்பவன். மனைவி களைத்து வரும்போது ஆறுதலாகப் பேசுபவன். வழக்கமாக ‘மில்லர்’ என்றே அழைக்கும் ஹார்டி, அச்செய்தியைக் கூறும் அறையில் ‘எல்லி’ என்று அழைக்கின்றார். முதல் நாளே எல்லி வேண்டிக்கொண்ட அழைப்பு அது. அத்தகைய வேளையிற் கிடைக்கின்றது. ஒலிவியா கோல்மனின் நடிப்பு அங்கு உச்சத்தைத் தொடுகின்றது. நம்ப மறுத்து, உடலே அவ்வுண்மையை வெளியே தள்ள முயல்வதுபோற் குமட்டி, பின் கணவனைக் கண்டதும் பாய்ந்து தாக்குகின்றார். பின்னர் தோழி பெத்தை எதிர்கொள்ளும்போது, சூசனிடம் தான் கேட்ட அதே வினா எல்லியை நோக்கி எழுகின்றது: உனக்கு எவ்வாறு தெரியாமற் போயிற்று? சூசனிடம் இருந்த அதே விடையைத் தவிர எல்லியிடம் வேறு விடை இல்லை.

முடிவு தெரிந்தபின் இத்தொடரை மீண்டும் பார்க்கும் இரசிகன் வேறொரு நாடகத்தையே காண்கின்றான். இப்போது அவன் கண் ஜோவை விட்டு அகலுவதில்லை. ஜோ ஒளிந்திருக்கவில்லை; அங்கம்தோறும் வெளிச்சத்திற்றான் நிற்கின்றான். ஆயினும் அவன் பெயர் பட்டியலில் ஏறியதேயில்லை. பாலூட்டுபவனை, இராச்சாப்பாடு பரிமாறுபவனை எவரும் ஐயுறுவதில்லை. மாறாக, தனித்து வாழ்பவர், கடுகடுத்தவர், பழங்குற்றத்தின் கறை படிந்தவர் ஆகியோரே எளிதில் ஐயத்துக்கு ஆளாகின்றனர். நடிகர் பலருக்கே படப்பிடிப்பின் பிற்பகுதிவரை கொலையாளி யாரெனச் சொல்லப்படவில்லை என்பர். பாத்திரங்களின் அறியாமை நடிகரின் அறியாமையாகவும் இருந்தமை, அவர்களது முகங்களில் பொய்மை தோன்றாமற் காத்தது எனலாம்.

தொடரிற் குறைகள் இல்லாமலில்லை. இறந்தவனிடமிருந்து செய்தி பெறுவதாகக் கூறிவரும் தொலைபேசித் தொழிலாளியின் பாத்திரம், இயல்புநெறி வழுவாத இந்நாடகத்தில் ஒட்டாமலே நிற்கின்றது. 2015இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் நீதிமன்றக் காட்சிகளில் பரபரப்புக்காக நம்பகத்தன்மை பலியிடப்பட்ட இடங்கள் உண்டு. எனினும் அப்பாகத்தின் அடிப்படை முரண் வலிமையானது. எல்லி ஜோவைத் தாக்கியமையால் அவனது வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படாது போகின்றது. ஜூரிமார் அவனை விடுவிக்கின்றனர். தான் எதையும் அறிந்திருக்கவில்லை என்பதற்கு எல்லி அளித்த நேர்மையான ஒரே சான்று அந்தச் சீற்றம். அதுவே கொலையாளிக்கு வாயிலைத் திறந்துவிடுகின்றது. இக்கதை 2014இல் ‘கிறேஸ்பொயின்ற்’ எனும் பெயரில் அமெரிக்காவில் மீள எடுக்கப்பட்டபோது முடிவு மாற்றப்பட்டது. அங்கு சிறுவனின் சாவு நண்பனான மகனின் கையால் தற்செயலாக நேர்கின்றது. தந்தை பழியை ஏற்கின்றான். அவ்விபத்து இரக்கத்தை எழுப்பலாம். ஆனால் ஒரே படுக்கையிற் பல்லாண்டு துயின்றவனை அறியாதிருந்த ஒருத்தியின் பயங்கரத்தை அதனால் எழுப்ப இயலவில்லை.

மூன்றாவதும் இறுதியுமான பாகம் 2017இல் வெளிவந்தது. அதிலும் ஹார்டியும் எல்லியும் இணைந்தே ஒரு கொடுமையை விசாரிக்கின்றனர். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணொருத்தியின் வழக்கு அது. அங்கு பெத், அத்தகைய பெண்களுக்குத் துணைநிற்கும் பணியில் இருக்கின்றாள். எல்லியும் அவளும் மீண்டும் தோழியர். மகனை இழந்தவளும், அவனைக் கொன்றவனுக்கு மனைவியாயிருந்தவளும் ஒரே வீட்டில் அமர்ந்து உரையாடும் காட்சிகள் எவ்வித ஆரவாரமுமின்றி நிகழ்கின்றன. இரசிகன் இத்தொடர் முழுவதிலும் பெரிதும் மதிப்பது அவற்றையே. முன்னொருநாள் எழுப்பிய அவ்வினாவுக்குப் பெத் பெற்ற விடை யாது என்று நாடகம் கூறவில்லை. விடை கிடைக்காமலே அவள் அவ்வினாவைக் கைவிட்டாள் என்றே கொள்ளவேண்டியுள்ளது.

எல்லியின் நம்பிக்கை அவரை ஏமாற்றியது உண்மையே. ஆனால் எவரையும் நம்பாத ஹார்டியின் ஐயமும் ஜாக்கின் உயிரைக் காக்கவில்லை. இவ்விரண்டுள் எது சிறந்தது என்று கேட்பின், இரசிகனின் விருப்பம் இப்போது எல்லியின் பக்கமே. அத்துணை இழந்தபின்னும் அவர் கதவைத் திறந்து அயலவரை உள்ளே அழைக்கின்றார். அடுத்த துப்பறியும் தொடர் தொடங்கும்போது இரசிகன் மீண்டும் ஒரு பட்டியலை எழுதவே செய்வான். பழக்கம் எளிதில் விடாது. ஆயினும் தனித்து வாழும் முதியவர் ஒருவரின் பெயரை அதன் தலைப்பில் எழுதுமுன் அவன் கை ஒருகணம் தயங்குமானால், ஜாக் மார்ஷல் எனும் கற்பனை மனிதர் வீணே மடியவில்லை.