கக்கன் பிழைக்கத் தெரியாதவரா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல் மாணவன்)

பதவியில் இருக்கும்போது போற்றப்படுவோர் பலர். பதவி போன பின்னும் மக்கள் நெஞ்சில் நிற்போர் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் மேலூர் மண்ணில் பிறந்த திரு. பி. கக்கன் அவர்கள். நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர் என்று பல படிகள் ஏறியவர். இறங்கி வந்தபோது அவர் கையில் ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கத்தில் அவருக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. மேடையில் 'நேர்மையின் சிகரம்'; திண்ணையில் 'பிழைக்கத் தெரியாத மனிதர்'.

அந்த இரண்டாவது பெயரை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டி ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தோம். நான்காம் நாள், கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. கொடுத்தது என் அப்பாவின் இரண்டு நாள் கூலி. திரும்பும் வழியில் மாமா என்னைத் தேற்றினார்: "விடு மாப்பிள்ளே, நாளைக்கு நீ அந்த நாற்காலியில உக்காரும்போது சேத்து வாங்கிக்க. படிச்சவன் பொழைக்கத் தெரிஞ்சுக்கணும். கக்கன் மாதிரி ஆயிடாத!"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்மேல் கொண்ட அன்பினால் மாமா சொன்ன சொல் அது. ஆனால் அந்தச் சொல்தான் கக்கனைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

1908ஆம் ஆண்டு தும்பைப்பட்டியில் ஓர் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தார் கக்கன். பள்ளி இறுதி வகுப்பைத் தாண்ட முடியவில்லை. 1939 சூலை 8 அன்று, வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிலருள் அவரும் ஒருவர். தலைமுறை தலைமுறையாக மூடிக் கிடந்த கதவு அன்று திறந்தது. பின்னர் விடுதலைப் போரில் சிறை சென்றார். இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், நாட்டின் சட்டத்தை வகுக்கும் அவையில் இடம் பெற்றார்! இதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தரும்?

1952இல் மதுரையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1957 முதல் 1967 வரை சட்டமன்ற உறுப்பினர். காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அவரிடம் இருந்த காலத்தில்தான், 1959இல், வைகை அணை திறக்கப்பட்டது. அணையின் நீர்மட்டம் எழுபத்தொரு அடியை எட்டியதா என்று எங்கள் ஊரில் இன்றும் செய்தித்தாளில் தேடிப் பார்ப்பார்கள். தண்ணீர் வந்தால் நடவு. நடவு இருந்தால் கூலி. சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத என் அப்பத்தா நாற்று நட்டுத்தான் என் அப்பாவை வளர்த்தார். எங்கள் வீட்டு உலை கொதித்ததில் அந்த அணைக்கும் ஒரு பங்கு உண்டு.

பின்னர் வேளாண்மைத் துறையும், 1963இல் உள்துறையும் அவரிடம் வந்தன. அவர் உள்துறை அமைச்சராக இருந்த காலத்தில், 1964இல், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தோன்றியது. மக்கள் 'லஞ்ச ஒழிப்பு' என்று சொல்வது அதைத்தான்.

மாணவர்களாகிய நாம் ஒரு கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது காவல்துறை அவர் பொறுப்பில் இருந்தது. சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். கைச்சுத்தம் உள்ளவர் என்பதற்காக அந்தப் பொறுப்பு கக்கனை விட்டு நீங்கிவிடாது. மக்களும் தீர்ப்பு எழுதினார்கள். 1967 தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது, அவரும் தோற்றார்.

அதன்பின் நடந்ததைத் தமிழகம் அறியும். நோயுற்ற கக்கன் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் ஏழைகளோடு ஏழையாகக் கிடந்தார். அங்கு வேறொருவரைக் காண வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். செய்தி அறிந்து பதறி, உதவிகளுக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பர் 23 அன்று கக்கன் மறைந்தார். 1999இல் அவர் உருவம் அஞ்சல் தலையில் வெளிவந்தது.

நண்பர்களே! இந்த முடிவைச் சொல்லிச் சொல்லி நாம் கண் கலங்குகிறோம். கலங்கிவிட்டு, 'நமக்கு இது வேண்டாம்' என்று ஒதுங்கிவிடுகிறோம். மாமாவின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உழைத்த மனிதரை முதுமையில் தேடாத சமுதாயம், நேர்மையாய் இரு என்று இளைஞருக்கு எப்படிச் சொல்லும்? அந்தப் பொதுப் பிரிவுப் படுக்கையைக் கக்கனுக்குப் பெருமை என்று மட்டும் பாடிக் கொண்டிருப்பது நம் வெட்கத்தை மூடிக்கொள்ளும் வழி.

ஆயினும் 'பிழைக்கத் தெரியாதவர்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாமா சொன்ன கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தேன். நாளை நான் நாற்காலியில் அமர்ந்து 'சேர்த்து' வாங்குகிறேன் என்றால், யாரிடம் வாங்குவேன்? அன்று எங்களிடம் வாங்கியவர் அதைத் திருப்பித் தரப் போவதில்லை. மகனுக்காகச் சான்று கேட்டு வரும் இன்னொரு கூலிக்காரரிடம்தான் வாங்குவேன். அதாவது, என் அப்பாவைப் போன்ற ஒருவரிடம். கீழிருந்து மேலே போன கக்கனுக்கு, அந்தப் பணம் எவர் மடியிலிருந்து வரும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

நாளை நம்மில் சிலர் ஆசிரியராகலாம்; சிலர் தேர்வாணையத் தேர்வு எழுதி அலுவலகங்களில் அமரலாம். நமக்குக் குடும்பக் கடன் இருக்கும், தங்கை திருமணம் இருக்கும். நல்ல ஊதியத்தையும் முதுமைக்கு ஓய்வூதியத்தையும் உரிமையோடு கேட்போம், அதில் தவறில்லை. ஆனால் நம் மேசைக்கு முன்னால் அழுக்கு வேட்டியுடன் ஒருவர் தயங்கி நின்றால், எழுந்து ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போடுவோம். அவர் கேட்ட தாளை அன்றே கொடுத்து அனுப்புவோம்.