முறை செய்யும் ஊர்கள்

தை 5, மணலூர்பேட்டை

இன்று தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரத்துச் சாமிகள் மணலில் இறங்கி வரிசையாக நிற்க, திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரும் வந்துவிட்டார். தீர்த்தவாரி முடிந்ததும் கூட்டம் கடைப்பக்கம் திரும்பியது. பொரி, வளையல், ராட்டினம், குவியல் குவியலாகச் சுருளிக்கிழங்கு. அந்தக் கிழங்கு இல்லாமல் இந்தப் பக்கத்தார் ஆற்றுத் திருவிழாவிலிருந்து வீடு திரும்புவதில்லை.

சாமி புறப்பட்ட வழியைப் பார்த்தபடி ஒரு பெரியவர் பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையில்லாத வள்ளாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார். மணலூர்பேட்டையிலிருந்து திரும்பும் வழியில், ராஜா போரில் இறந்துவிட்டார் என்ற சேதி அவருக்குச் சொல்லப்படுகிறது. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவர் திதி கொடுப்பார். “சாமியே திதி குடுக்குமா தாத்தா?” என்றான் பையன். “புள்ளைன்னு ஆனப்புறம் குடுக்கணும்ல” என்றார் பெரியவர்.

போசள மன்னர் மூன்றாம் வீர வள்ளாளர், மதுரை சுல்தானோடு நடந்த போரில் 1340களில் மாண்டவர். அவருடைய ராஜ்யம் அடுத்த சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. பிள்ளை செய்ய வேண்டிய கடன் மட்டும் இன்னும் நடக்கிறது. உறவு என்று வாயால் சொல்லிவிட்டால் போதாது, அதற்குரிய முறையைச் செய்தாக வேண்டும். இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருவிழாக்களை இனி அந்தக் கண்ணோடுதான் பார்க்கப் போகிறேன்.

சித்திரை 18, கள்ளக்குறிச்சி

கூவாகத்தில் சாகை வார்த்தாகிவிட்டது. 18 நாள் திருவிழாவுக்கு அதுதான் தொடக்கம். கூத்தாண்டவர் கோயில் வாசலில் ஊற்றும் கூழுக்குப் பல ஊர்க்காரர்கள் பாத்திரத்தோடு வருகிறார்கள்.

இன்று மே 1. மத்தியதரைக் கடலின் சார்டினியா தீவிலும் இதே நாளில் ஒரு பெரிய விழா. 1650களில் கொள்ளைநோய் அங்கே ஊர் ஊராக அழித்தபோது, காலியரி நகரத்தார் புனித எஃபிசியோவிடம் நேர்ந்துகொண்டார்கள். 1657 முதல் ஆண்டுதோறும் மே 1 அன்று அவர் சிலையை, அவர் உயிர்நீத்த நோரா கடற்கரைக்குக் கொண்டுபோய், 4ஆம் தேதி ஊருக்குத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். 1943இல் குண்டுவீச்சில் நகரமே இடிந்து கிடந்தபோதும், கிடைத்த வண்டியில் சிலையை ஏற்றிப் புறப்பட்டார்களாம். நேர்ந்தவர்களின் எலும்பும் மிஞ்சாத காலத்தில் பேரப்பிள்ளைகள் அந்தக் கடனைச் சுமக்கிறார்கள். இதைப் படிக்கும்போது மணலூர்பேட்டைப் பெரியவரின் குரல்தான் காதில் கேட்டது.

சித்திரை 22, வெள்ளிமலை

கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறினோம். கோடை விழா நடக்கும் ஆண்டுகளில் இந்தப் பாதையில் கீழிருந்து வண்டி வண்டியாகக் கூட்டம் ஏறும். அரங்கு, கலைநிகழ்ச்சி, துறைகளின் கண்காட்சி என்று மலை கலகலப்பாக இருக்கும். நல்லதுதான். ஆனால் மலையாளிப் பழங்குடி மக்களின் திருவிழா அதுவல்ல. அவர்களுடையது கரியராமர் கும்பிடும், அந்தந்த ஊர் மாரியம்மன் கும்பிடும். முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

1976 வரை இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கழிந்த பிறகே இவர்கள் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தார்கள். அத்தனை காலமும் இவர்களைச் சேர்த்துக் கட்டியது ஊர் முறைதான். சாமை குத்திக்கொண்டிருந்த ஓர் அம்மா சொன்னார்: “சாமி கும்பிட எந்த வூட்டுக்காரன் எதைக் கொண்டாரணும்னு இருக்குதுங்க. அவன் வரலைன்னா அந்த வேலை அப்படியேதான் நிக்கும்.”

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய இரவு, கூவாகம்

உளுந்தூர்பேட்டை வட்டத்தின் இந்தச் சிற்றூரில் இன்று கால் வைக்க இடமில்லை. மும்பை, பெங்களூர், டெல்லியிலிருந்தெல்லாம் திருநங்கைகள் வந்திருக்கிறார்கள். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ, கைநிறைய வளையல். பாரதப் போரில் வெற்றிக்காகக் களப்பலியாக ஒப்புக்கொண்ட அரவான்தான் இங்கே கூத்தாண்டவர், அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். விடிந்தால் சாகப்போகும் அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வராதபோது, கண்ணனே மோகினியாகி மணந்தான் என்பது கதை. அந்த மோகினியாக நின்றுதான் இவர்கள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காக உள்ளூர் ஆண்களும் சிறுவர்களும்கூடக் கட்டிக்கொள்வதைப் பார்த்தேன். கற்பூரக் குவியல்களைச் சுற்றி விடிய விடியக் கும்மி.

சேலத்திலிருந்து வந்த ஓர் அக்கா மூன்று இளையவர்களைக் காட்டி, “மூணும் என் பொண்ணுங்க” என்றார். பெற்ற வீடு துரத்திய பிள்ளைகளைத் தாயாக நின்று தத்தெடுத்தவர். பக்கத்து நகரத்தில் ஒரு விடுதியில் இடம் இருந்தும் இல்லையென்று சொல்லித் திருப்பியதாகச் சொன்னபோது, கூட வந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை, பந்தலடி

தொட்டி, நத்தம், கீரிமேடு என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து அரவானின் உறுப்புகளும் அணிகளும் வந்து சேர்ந்தால்தான் தேரில் சாமி முழு உருவம் பெறும். ஓர் ஊர் மட்டும் நினைத்தால் அரவானை நிறுத்திவிட முடியாது. தேர் நகரும்போது விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்ததை அதன்மேல் வீசினார்கள்.

பந்தலடியில் களப்பலி. நேற்று கட்டிய தாலிகள் அறுக்கப்பட்டன, வளையல்கள் உடைந்தன, நெற்றிப் பொட்டு அழிந்தது. ஒப்பாரி. பிறகு குளித்து வெள்ளைச் சேலை. கேமராக்கள் முகத்துக்கு நேரே நீண்டுகொண்டேயிருந்தன. அழுகிறவர்களுக்கு நடுவே ஒருவர் நின்று படம் பிடிக்க நம் ஊர் இழவு வீட்டில் விடுவோமா? இது வேடிக்கை அல்ல. அரவானுக்காக அழுகிறவர்கள், செத்தால் தமக்கு அழ ஆளில்லை என்ற துயரத்தையும் சேர்த்தே அழுகிறார்கள்.

2008இல் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களின் பாலின அடையாளத்தைச் சட்டப்படி ஏற்றது. இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் முறை செய்வது என்பது நீதிமன்றமும் வாரியமும் மட்டும் முடித்துவிடும் வேலையல்ல. இந்தப் பதினெட்டு நாளில் நம் ஊர்கள் இவர்களை அரவானின் மனைவியாக ஏற்கின்றன. அப்படியானால் இவர்கள் நம் வீட்டு மருமக்கள். மருமகளுக்கு விடுதியில் அறை தரமாட்டேன் என்று சொல்ல முடியாது. குளிக்க மறைவிடம் இல்லாமல் வயல் மோட்டாரடிக்கு அனுப்ப முடியாது. பள்ளியில், வேலையில், வாடகை வீட்டில் இடமில்லை என்று சொல்ல முடியாது. பிள்ளையான சாமி, ராஜா மாண்டு ஏறத்தாழ 680 ஆண்டுகள் ஆகியும் திதியை நிறுத்தவில்லை. மருமகளென்று ஏற்றுக்கொண்ட நாமும் தேர் நிலைக்கு வந்த மறுநாளிலிருந்து நம் முறையைச் செய்யத் தொடங்க வேண்டும்.