மரத்தடித் தேநீர்

பள்ளி விட்டதும் படப்பைக் கடைத்தெருவிலே, ஒரு சிற்றுண்டிக் கடையில் சற்றே இளைப்பாறுவது நமது வழக்கம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையல்லவா, கூட்டத்துக்குக் குறைவேது! ஒரகடத்து ஆலையிலிருந்து திரும்பும் ஒரியத் தோழனும் உள்ளூர்த் தமிழனும் ஒரே பெஞ்சிலே தோளுரசி அமர்ந்து, பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவிலே தோய்த்து உண்பர். கல்லாவில் இருப்பவர் காசைத்தான் கேட்பார், சாதியைக் கேட்பதில்லை.

தானாக வந்ததா இது? இல்லை, தோழர்களே! இரயில் நிலைய உணவு விடுதிகளிலே பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவருக்கு வேறிடம் என்றிருந்த கொடுமை 1941-இலேதான் ஒழிந்தது. திருவல்லிக்கேணியில் உணவு விடுதிப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரி, 1957-இலே பெரியார் மறியலைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் கைதாயினர். சொல் அகன்றது.

சென்ற வாரம் முதியவர் ஒருவர் தேநீரை வாங்கிக்கொண்டு, எதிரிலுள்ள மரத்தடியில் குந்தினார். பெஞ்சோ காலி!

"உள்ளே வந்து உட்காருங்கள், ஐயா" என்றோம்.

"இருக்கட்டுங்க சார், பழகிப்போச்சு."

குடித்து முடித்த டம்ளரை அவரே கழுவி வைத்தார். கழுவச் சொன்னவர் எவருமில்லை. தடுத்தவரும் இல்லை, நாம் உட்பட.

மறுநாள் நமது டம்ளரோடு மரத்தடிக்குச் சென்று, அவரருகே தரையில் அமர்ந்தோம். அவர் பதறி எழுந்து நின்றுவிட்டார்.