அண்ணா சொல்லி முடிக்கட்டும்

பெரியம்மாவின் மகன் எனக்கு அண்ணா. அவருக்குப் பெருமூளை வாதம். வாய்த் தசைகள் சொன்னபடி கேட்காது, அதனால் அவர் கதைப்பது புது ஆக்களுக்கு விளங்காது. எனக்கு விளங்கும். சின்ன வயதில் இருந்து அவருடைய மொழிபெயர்ப்பாளர் நான்தான். கடையிலயும் சரி, ஆஸ்பத்திரியிலயும் சரி, "என்னவாம்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். நானும் டக்கென்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன கம்பஸ் லீவில் அவருடைய போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தேன். எழுதினால் அது தமிழில் வாசிக்கும். இரண்டு நாள் பாவித்தார். மூன்றாம் நாள் அழித்துப்போட்டார். எனக்குச் சரியான கோபம். "ஏன் அண்ணா?" என்று கேட்டேன்.

"அது... என்ர குரல் இல்ல. நான் கதைக்கிறன். விளங்காட்டி... எழுதிக் காட்டுறன்."

ஸ்டீபன் ஹோக்கிங் 1985இல் குரலை இழந்து, பிறகு கணினிக் குரலில் பேசியவர். அதைவிட நல்ல குரல்கள் வந்த பிறகும் அவர் மாற்றவில்லை. அந்தப் பழைய குரலையே தன்னுடையதாக நினைத்தார். அண்ணாவுக்கோ மெசின் குரலே வேண்டாம். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான்: எப்படிக் கதைப்பது என்பதைத் தாங்களே முடிவெடுத்தார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தாங்கள் தெரிவுசெய்யும் தொடர்பாடல் முறையில் கருத்துச் சொல்லும் உரிமை அதன் 21ஆம் உறுப்புரையில் இருக்கிறது. இதை நான் பாடத்துக்காக வாசித்திருக்கிறேன். ஆனால் வீட்டில் அண்ணாவின் வசனத்தை முடித்துவைப்பதும் நான்தான்.

போன மாதம் அவரோடு ஒரு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் வழக்கம்போல என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன வேணும்?" என்றார்.

"அவரிட்டயே கேளுங்கோ."

அண்ணா சொன்னார். விளங்கவில்லை. திரும்பச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு நாக்கு நுனியில் பதில் நின்றது, அடக்கிக்கொண்டேன். மூன்றாம் முறை அவரே போனை எடுத்து எழுதிக் காட்டினார்.

தன் கணக்கு மெசேஜ் எல்லாம் பெரியம்மாவின் போனுக்குத்தான் போகிறதாம். இனித் தன்னுடைய நம்பருக்கு வரவேண்டுமாம்.

எனக்கு இது தெரியாது. நான் முந்தியிருந்தால், "காசு எடுக்க வந்தவர்" என்றுதான் சொல்லியிருப்பேன்.