கீறியது யார்?

பிளாட்டினத்தில் கீறல் விழும் என்பதை என் அக்கா மகன் ஒரு துரோகமாகவே எடுத்துக்கொண்டான். கல்யாணத்துக்கு ஜோடி மோதிரம் எடுத்தார்கள். தங்கம்தான் வீடு முழுக்கக் கிடக்கிறதே, இது வேறு மாதிரி இருக்கட்டும் என்று பெண்ணுக்கு ஆசை. "காலத்துக்கும் இருக்கும் சார்" என்று கடையில் சொன்னார்களாம். ஆறேழு மாதத்தில் இவன் மோதிரத்தில் மட்டும் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். "ஏமாத்திட்டானுவ மாமா" என்று விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. காலத்துக்கும் இருக்கும் என்றார். பளபளவென்று இருக்கும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. விற்கிறவன் வாய் எப்போதும் சொல்லை அளந்துதான் விடும்.

என்னிடம் வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று இருக்கிறது. வாட்ச் எதையும் நான் திறந்ததில்லை; எறும்பு, தபால் தலை, பப்படத்தின் கொப்புளம் என்று கண்டதையும் பார்ப்பதற்காக வைத்திருப்பது. மோதிரத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வெறுங்கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தது, லென்ஸில் பள்ளமாக இருந்தது. பள்ளத்தின் இரு ஓரத்திலும் மெல்லிய வரப்பு. ஏர் ஓடிய சாலில் மண் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடக்குமே, அதே கதைதான். பிளாட்டினம் இழுபடும் உலோகம். கீறினால் பெரும்பாலும் உதிராது, ஒதுங்கும். தங்கமும் ஒதுங்கத்தான் செய்யும், ஆனால் உரச உரசக் கூடுதலாகத் தேய்ந்து போகும். பழைய தாலிச் சங்கிலியின் கண்ணிகள் ஒரு பக்கம் நூலாகி நிற்பது அதனால்தான். ஆசாரி பட்டறையின் தரையைக் கூட்டிய மண்ணை விலை பேசி வாங்கிப்போய் அரிக்கிறவர்கள் உண்டு. பிளாட்டினத்தை மட்டும் நம்பி அந்தத் தொழிலில் இறங்கினால் பட்டினிதான்.

ஆகவே, கோடு விழுந்த மோதிரத்தில் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. மோஸ் என்கிற ஜெர்மானியர் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவில் தங்கம் இரண்டரை, மூன்று. பிளாட்டினம் நான்கு, நாலரை. கத்தியின் எஃகு ஐந்தரை. பிளாட்டினம் நடுவாந்தரம்தான். வெள்ளைத் தங்கம் என்று விற்கிற 18 காரட் சரக்கு பல நேரங்களில் இதைவிடக் கீறலைத் தாங்கும்; ஆனால் அதன் வெள்ளை மேலே பூசிய ரோடியம். அது தேய்ந்தால் உள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். பிளாட்டினம் உள்ளும் புறமும் ஒரே நிறம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் பையன் முகம் தெளியவில்லை. அவன் தலைமுறைக்குப் பிளாட்டினம் என்றால் மோதிரம். எனக்கு அது ஒரு கம்பி.

நாகர்கோவிலில் நான் படித்த கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் சால்ட் அனாலிசிஸ் நாளன்று மட்டும் ஓர் அலமாரி திறக்கும். உள்ளே பஞ்சில் படுக்க வைத்த கண்ணாடிக் குச்சிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கம்பி, முனையில் சின்ன வளையம். பிளாட்டினம். அட்டெண்டர் அண்ணாச்சி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஒன்றைக் கொடுப்பார். அவர் சம்பளத்தில் பாதி விலை என்று ஒரு பேச்சு. பரப்பியவரே அவராக இருக்கலாம். மணி அடித்ததும் வாசலில் நின்றுவிடுவார். "லேய், கம்பி எங்கலே?" பிராக்டிகல் நோட்டை விட்டுவிட்டுப் போகலாம், கம்பியைத் தராமல் ஒருவனும் படி இறங்க முடியாது.

கம்பியை வாட்ச் கிளாஸில் இருக்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிச் சுடரில் காட்ட வேண்டும். மறுபடி முக்க வேண்டும், மறுபடி காட்ட வேண்டும், சுடரில் எந்த நிறமும் ஏறாமல் போகும் வரைக்கும். விரல் பட்டிருந்தால் போச்சு. வேர்வையில் இருக்கும் துளி உப்பு போதும், சோடியத்தின் மஞ்சள் சுடரைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. சுத்தமான பின்பு உப்பைத் தொட்டுக் காட்டினால் கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியத்துக்கு ரத்தச் சிவப்பு, பேரியத்துக்கு இளம்பச்சை. கம்பி மட்டும் சிவக்கக் காய்ந்து, எடுத்ததும் பழைய நிறத்துக்கு வந்து நிற்கும். கருக்காது, அந்த அமிலத்தில் கரையாது, 1768 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்து உருகாது. கண்ணாடியோடு அதை இணைத்ததிலும் சூட்சுமம் இருந்தது. சாதாரணக் கண்ணாடியும் பிளாட்டினமும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விரியும். வேறு கம்பியென்றால் ஆறும்போது கண்ணாடி விட்டுப்போகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. ஈய உப்பு என்று சந்தேகம் இருந்தால் கம்பியைக் கொண்டுபோகக் கூடாது. ஆன்டிமனி, ஆர்சனிக் இவற்றிடமும் கூடாது. சூட்டில் ஈயம் உப்பிலிருந்து பிரிந்து பிளாட்டினத்தோடு கலந்துவிடும். கலந்த இடம் லேசில் உருகும், இல்லையென்றால் பொடுக்கென்று முறியும். எங்கள் பெஞ்சில் ஒருவன் லெட் நைட்ரேட்டில் முக்கினான். வளையம் கறுத்து அறுந்து பர்னரின் அடியில் விழுந்தது. பேராசிரியர் வருவதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். திட்டவில்லை. குனிந்து, சிதறியதை ஈர விரலால் ஒற்றி எடுத்து, சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியில் போட்டுக்கொண்டார். "ஈயத்துக்க கிட்ட போகாதன்னு சொன்னேம்லா" என்றார், பையனிடம் இல்லை, கம்பியிடம். அந்தத் தீப்பெட்டியில் ஏற்கெனவே சில துண்டுகள் கிடந்தன. சில வருஷத்தில் எல்லா இடத்திலும் போல அங்கேயும் நிக்ரோம் கம்பி வந்துவிட்டது. அலமாரியைப் பூட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போனதை அண்ணாச்சி எப்படித் தாங்கினார் என்று தெரியவில்லை.

பிளாட்டினத்தின் உறுதியை உலகமே ஒரு காலத்தில் எடைக்கல்லாக நம்பியது. 1889 முதல், பாரிஸை அடுத்த செவ்ர் என்ற ஊரில் வைத்திருந்த ஓர் உருளைதான் கிலோகிராம். நூற்றுக்குத் தொண்ணூறு பிளாட்டினம், பத்து இரிடியம். எங்கள் ஊர்ச் சந்தையான கோட்டாறு கம்போளத்தின் இரும்புப் படிக்கல்லுக்கும் அதுதான் மூதாதை. நம் நாட்டுக்கு வந்த பிரதிக்கு எண் 57; டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து மூலத்தையும் அதன் பிரதிகளையும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம். மூலம் இளைத்ததா, பிரதிகள் பெருத்தனவா என்று தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய கல்லே அதுதானே. 2019 மே 20-ஆம் தேதி அந்தப் பதவியைப் பறித்து, பிளாங்க் மாறிலி என்ற எண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். எண்ணில் கீறல் விழாது.

மோதிரத்துக்கு வருவோம். யார் கீறியது? பைக் சாவியைத்தான் அவன் சந்தேகப்பட்டான். நான் கல்யாண ஆல்பத்தைக் கேட்டேன். சொத்தவிளைக் கடற்கரையில் போட்டோகிராபர் சொல்ல, மாப்பிள்ளை வலது கையால் மணலை வாரி இறைக்கிறார், பெண்டாட்டி பேரை எழுதுகிறார், அதைச் சுற்றி ஒரு இதயம் வேறு. போதாதா? வெறும் வெள்ளை மணலே குவார்ட்ஸ், மோஸ் அளவில் ஏழு. எங்கள் கரையில் அதோடு கார்னெட்டும் சிர்கானும் கலந்து கிடக்கின்றன. ஆறரையிலிருந்து ஏழரை வரை. நவரத்தினத்தில் கோமேதகம் என்று பேர் வாங்கி விரலில் ஏறியிருப்பதும் கார்னெட் குடும்பத்துப் பிள்ளைதான். ஏழையான தம்பிமார் கரையில் மிதிபட்டுக் கிடக்கிறார்கள்.

இந்த மணலை முதலில் மதித்தவர் வெளியூர்க்காரர். 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அன்றைக்கு ஐரோப்பாவின் கேஸ் விளக்குகளில் எரிந்த மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். கயிறு வாங்கியவர்கள் உதறிவிட்ட அழுக்கைத் தேடி அவர் இங்கேயே வந்து, மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். இன்றைக்கு அங்கே மணல் பிரிப்பது மத்திய அரசின் நிறுவனம்.

ஆனால் மணலுக்கு எங்கள் ஊரில் அதைவிடப் பழைய விளக்கம் இருக்கிறது. குமரியம்மனுக்கும் சுசீந்திரத்துச் சுவாமிக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. விடியுமுன் முகூர்த்தம். கல்யாணம் நடந்தால் பாணாசுரனை வதைக்க ஒரு கன்னி இருக்க மாட்டாள் என்று நாரதர் சேவலாகக் கூவினார். வழுக்கம்பாறை வரை வந்துவிட்ட மாப்பிள்ளை, முகூர்த்தம் தப்பியது என்று திரும்பிவிட்டார். சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாயின. கன்னியாகுமரியில் இன்றும் பல நிறத்து மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். தாலியும் ஏறாத, மோதிரமும் மாற்றாத ஒரு கல்யாணத்தின் அரிசி, இன்னொரு கல்யாணத்தின் மோதிரத்தைக் கீறிவிட்டது என்றேன். பையன் சிரித்தான், பெண் சிரிக்கவில்லை.

அந்தக் கதையைக் கட்டியது புராணம் படித்தவராக இருக்க முடியாது, அடுக்களையில் முறம் பிடித்த ஒருத்திதான் என்பது என் கட்சி. அலை வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய்விடும். எடை கூடிய கார்னெட்டும் இல்மனைட்டும் கரையில் சிவப்பும் கறுப்புமாக வரி வரியாகத் தங்கும். சிவப்பு, சம்பா அரிசியின் குருணை. கறுப்பு, தோல் உளுந்தை உடைத்த பொடி. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் போனால் நிறம் இன்னும் தெளிவாகப் பிரிந்திருக்கும். போட்டோகிராபர்கள் அன்றைக்குத்தான் வருவதில்லை.