அல்பிடோ 0.2

லீவுக்குக் கப்பல்துறைக்கு வந்திருந்தேன். பெரியம்மாட மகன், அதாவது எங்கட அண்ணா, பொறியியல் பீடத்தில் இறுதி வருஷம். எங்கட பக்கத்து வெயிலுக்கு ஒரு சோலார் பண்ணையை பிவிசிஸ்ட் மென்பொருளில் கட்டிப் பார்ப்பதுதான் அவருடைய புரொஜெக்ட். நான் கலைப்பீடம். தேத்தண்ணி கொடுக்கப்போய் லெப்டொப்புக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

அவர் எடுத்தது இருபக்கப் பனல். முன்பக்கம் நேரடி வெயிலை எடுக்கும். பின்பக்கம் நிலத்தில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தை எடுக்கும். ட்ராக்கர், வடக்குத் தெற்காகக் கிடக்கிற அச்சில் பனலைத் திருப்பி, காலையில் கிழக்கையும் பின்னேரம் மேற்கையும் பார்க்க வைக்கும். பின்பக்கக் கணக்குக்கு வரிசைகளின் இடைவெளி, தரையிலிருந்து உயரம், அல்பிடோ எல்லாம் வேணும். விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவை நிலம் திருப்பி அனுப்புது என்பதுதான் அல்பிடோ. மென்பொருள் தானாகவே 0.2 என்று போட்டிருந்தது. நூறுக்கு இருபது.

“எங்கட மண்ணுக்கும் அதுதானோ?”

“மாசத்துக்கு ஒண்டு எண்டு 12 பெட்டி இருக்கு. என்ன போடுறதெண்டுதான் தெரியேல்ல.”

அப்பப்பாவைக் கேட்டோம். அவர் வயல் செய்த ஆள். ஐப்பசி மழைக்கு மண் கறுக்கும், மார்கழியில பச்சை, பங்குனியில வெட்டினாப் பிறகு வைக்கோல் நிறம், ஆடிக் கச்சானுக்குத் தரை வெளிறிப்போகும். அவர் சொல்லச் சொல்ல அண்ணா இலக்கமாக்கினார். ஈர மண்ணுக்குக் குறைவு, காய்ந்த தரைக்குக் கூட.

வருஷ உற்பத்தி கொஞ்சம்தான் மாறியது. பிறகு வரிசை இடைவெளியை 5 மீற்றரிலிருந்து 8 ஆக்கினார். பின்பக்க வெளிச்சம் ஏறியது. ஆனால் அதே எண்ணிக்கைப் பனலுக்கு ஒன்றரை மடங்குக்கும் கூடக் காணி வேணும்.

“அந்தக் கூடின காணிய ஆரிட்ட எடுப்பாய்?” அப்பப்பா கேட்டார்.

அதுக்குப் பெட்டி இல்லை.

எங்கட மாவட்டத்தில் இது சும்மா கேள்வி இல்லை. 2006இல் சனம் இடம்பெயர்ந்த சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வர இருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின்நிலையத்தின் கட்டுமான வேலை தொடக்கிவைக்கப்பட்டது. அதே வருஷம் முத்துநகர் விவசாயிகள், சோலாருக்காகத் தங்கட வயல் போகுது என்று மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் போராடினார்கள்.

எனக்குச் சோலார் வேணும். நிலக்கரிப் புகை வராதது நல்லதுதான். ஆனால் வரிசை இடைவெளி எஞ்சினியர்மாரின் கணக்கு மட்டுமில்லை. பனலை உயர்த்தி, தள்ளித் தள்ளி வைத்தால் பின்பக்கத்துக்கும் நல்லது, நடுவில் பயிரும் செய்யலாம். ஜப்பானில் பயிரை விடாமல் அதே காணியில் பனல் போட 2013இலிருந்து அனுமதி இருக்கு. இங்கேயும் அப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயல் செய்கிறவர்களைக் காணி எடுத்த பிறகு இல்லை, மொடல் செய்யும்போதே கேட்கவேணும்.

அண்ணா அறிக்கையில் ‘தரைத் தரவு: உள்ளூர் விவசாயி’ என்று எழுதினார். வாசித்துக் காட்டினோம்.

“ஏன், எனக்குப் பேர் இல்லையோ?” என்றார் அப்பப்பா.